ராயக்கோட்டை தோப்புல மூணு பெயின்ட்பால் டேங்க், ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்த கதை

எங்க சித்தப்பா பையன் ராயக்கோட்டை தாண்டி பாதி மாந்தோப்பு பாதி பாறையும் புதருமா கெடந்த நாலு ஏக்கர்ல பெயின்ட்பால் கிரவுண்ட் போட்டிருக்கான், பெயின்ட் அடைச்ச பால கன்ல சுட்டு ரெண்டு டீமா ஆடற ஆட்டம், ஓசூர் கம்பெனி பசங்களும் சனி ஞாயிறு பெங்களூர்ல இருந்து வர்றவங்களும் தான் கஸ்டமர். நான் சிப்காட்ல மெயின்டனன்ஸ், நாள் பூரா கம்ப்ரஸர், ஏர் லைன், ரெகுலேட்டர்னு தான் பொழப்பு, அதனால "அண்ணா டேங்க் எது வாங்கலாம்னு நீயே பாத்து சொல்லு"ன்னு என் தலையில கட்டிட்டான். டேங்க்னா கன்னுல மாட்டற கேஸ் பாட்டில், அந்த பிரஷர்ல தான் பால் பறக்கும். மூணு வகையும் வாங்கி ஒரு வருஷம் அடிச்சாச்சு. யாராச்சும் கேட்டா ஒவ்வொரு தடவையும் போன்ல கத்த முடியல, அதான் எழுதிடறேன்.

மொதல்ல சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு. 20 அவுன்ஸ் பாட்டில், ஈசியா கிடைக்குது, விலையும் கம்மி, மார்கழில காலைல அடிச்சப்ப சூப்பரா தான் இருந்துச்சு. பிரச்சனை என்னன்னா அது உள்ள திரவமா இருக்கும், ஆவியாகி தான் பிரஷர் தருது, 21 டிகிரில சுமாரா 850 பிஎஸ்ஐ (டயர்ல காத்து அளக்கற அதே கணக்கு), 31 டிகிரி வந்தா 1070 ஆயிடும், நம்ம ஊரு சித்திரை வெயில் 31லயா நிக்கும்? காலைல கிரோனோல, அதான் பால் வேகம் அளக்கற மீட்டர்ல, 270 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு இத்தன அடி) வச்சு செட் பண்ண கன், மத்தியானம் ரெண்டு மணிக்கு 300 தாண்டி அடிக்குது. அந்த வேகத்துல கிட்ட இருந்து பட்டா தொடை கத்திரிக்கா கலர்ல வீங்கிடும். இதுக்கு நேர் எதிரா, வேகமா இருபது முப்பது பால் விட்டோம்னா பாட்டில் ஜில்லுனு ஆயி மேல பனி பூக்கும், பிரஷர் எறங்கி பால் பாதி வழியிலயே தொப்புனு விழும். இதெல்லாம் கூட போகட்டும்னு விடலாம். காட்டுக்குள்ள விளையாடறப்ப பாறைக்கு பின்னாடி படுத்து கன்னை கீழ்நோக்கி சாய்ப்போம் இல்ல, அப்ப திரவம் அப்படியே கன்னுக்குள்ள போயிடும், வெள்ளையா புகை வரும், உள்ள கேஸ் கசியாம அடைக்கற ஓரிங் வளையம் எல்லாம் வெறச்சு போய் லீக் ஆரம்பிச்சிடும். ஆறு மாசத்துல ரெண்டு கன் பிரிச்சு மாட்டினேன், கூலி ஒரு பிரியாணி.

(இந்த விளையாட்டு மொத மொதல்ல 1981 ஜூன்ல அமெரிக்காவுல ஹென்னிக்கர்ங்கற ஊர்ல பன்னெண்டு பேர் காட்டுக்குள்ள ஆடினது, கையில இருந்தது மரத்துக்கும் மாட்டுக்கும் பெயின்ட் அடையாளம் வைக்கற கன், அதுல 12 கிராம் குட்டி சிஓ2 கார்ட்ரிட்ஜ் தான். ஒவ்வொரு பாலா யோசிச்சு அடிக்கறவங்களுக்கு அது போதும், நம்ம பசங்க தீபாவளி சரம் மாதிரி இல்ல விடறாங்க.)

அப்புறம் ஏர் டேங்க்கு மாறினோம். இதுல வெறும் காத்து தான், ஆனா பயங்கர பிரஷர், டேங்க் வாயில ரெகுலேட்டர் இருக்கும், உள்ள 3000 இருந்தாலும் 1500 இருந்தாலும் வெளிய 800, 850னு ஒரே அளவுல விடும். வெயில் குளிர் எதுவும் பெருசா தெரியாது. வாங்கினது ரெண்டு, அலுமினியத்துல 48/3000, கார்பன் ஃபைபர்ல 68/4500. முன்னாடி நம்பர் க்யூபிக் இன்ச்ல கொள்ளளவு, பின்னாடி நம்பர் எவ்ளோ பிரஷர் தாங்கும்ங்கறது. கணக்கு போட்டா கார்பன்ல ரெண்டு மடங்குக்கும் மேல காத்து, 48ல 450, 500 பால் போகும், 68ல ஆயிரத்த தொடும். மாங்கா எடை போடற தராசுல ரெண்டையும் வச்சு பார்த்தோம், பெருசா இருக்கறது தான் எடை கம்மி! விலை மட்டும் மூணு மடங்கு கிட்ட.

இத படிச்சிட்டு உடனே கார்பன் ஆர்டர் போடாதீங்க. எங்க ரொப்புவீங்க? இத யாருமே மொதல்ல யோசிக்கறதில்ல, நானும் தான். கம்பெனில வர்ற பெரிய சிலிண்டர் 150 பார், அதாவது 2175 பிஎஸ்ஐ, அதுல இருந்து ஹோஸ் போட்டு ரொப்பினா ரெண்டு டேங்க்குலயும் ரெண்டாயிரத்து சொச்சம் தான் ஏறும். 4500 தாங்கற டேங்க்குல பாதி கூட ஏறல! பஸ்ஸ வாங்கி பைக் பெட்ரோல் ஊத்தின கதை. அலுமினியத்துல அந்த அளவுக்கே 250, 300 பால் போச்சு. வாடகைக்கு வர்றவன் வாங்கறது நூறு பால், மிஞ்சினா எரநூறு, அவனுக்கு இதுவே தாராளம். கார்பன முழுசா ரொப்பணும்னா தீயணைப்பு ஆளுங்க முதுகுல மாட்டற சிலிண்டருக்கு காத்து அடிக்கற 300 பார் கம்ப்ரஸர் வேணும், அதுக்கு பெங்களூர் வரைக்கும் தூக்கிட்டு போனோம், அத்திப்பள்ளி டிராஃபிக்ல நின்ன நேரத்துல நாலு கேம் முடிஞ்சிருக்கும்.

ரொப்பற கதையில ஒன்ன சொல்லியே ஆகணும். பக்கத்து ஊர்ல ஒரு கேஸ் கடை, பேர் வேணாம். ஏர் சிலிண்டர் ஸ்டாக் இல்ல சார், ஆக்சிஜன் இருக்கு, அதுவும் காத்து தானன்னான். எனக்கு வயிறு கலங்கிடுச்சு. கன்னுக்குள்ள எண்ணெய், கிரீஸ் எல்லாம் இருக்கும், அதுல ஹை பிரஷர் ஆக்சிஜன் பட்டா தானா பத்திக்கும், கையில குண்டு வச்சிருக்கற மாதிரி. நைட்ரஜன்னா பரவால்ல, அது தாராளமா ரொப்பலாம். ஆக்சிஜன் மட்டும் யார் சொன்னாலும் கூடாது. வெறும் ஏர் டேங்க்கா இருந்தாலும் ரொப்பற நிப்பிள்ல ஒரு சொட்டு எண்ணெய் கூட விடாதீங்க, அதே காரணம் தான். மெதுவா ரொப்புங்க, வேகமா ஏத்தினா டேங்க் சூடாகும், ஆறினதும் முள்ளு எறங்கிடும், ஏமாத்திட்டான்னு சண்டைக்கு போவீங்க.

காட்டு ஆட்டத்துக்கு ரிமோட் ஹோஸ்னு ஒன்னு இருக்கு, டேங்க்க முதுகுல மாட்டிட்டு சுருள் ஹோஸ்ல கன்னுக்கு காத்து வரும், கன் எடை பாதியா தெரியும், படுத்து அடிக்க சொகம். வாங்கின மொத நாளே மாட்டிட்டு எறங்கினேன். உண்ணிச்செடி புதர்ல இருந்து எழுந்து ஓடலாம்னு பார்த்தா யாரோ பின்னாடி இருந்து சட்டைய புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு, திரும்பினா ஹோஸ் சுருளுக்குள்ள முள்ளுக்கொம்பு ஒன்னு நொழைஞ்சு நல்லா மாட்டிக்கிச்சு, உருவறதுக்குள்ள முட்டில ஒன்னு விலாவுல ரெண்டு வாங்கினேன். அடிச்சது என் தம்பி தான், கிரவுண்ட் ஓனர், சிரிச்சிட்டே அடிச்சான். அதுக்கப்புறம் ஹோஸ் ஷெட்டுல தொங்குது. டேங்க்க கன்னுக்கு பின்னாடியே மாட்டி தோள்ல முட்டு குடுத்து அடிக்கறது தான் நம்ம புதருக்கு சரி, 48 அதுக்கு அளவாவும் இருக்கு.

கார்பனுக்கு இன்னொரு தொல்லை நம்ம பாறை. கிருஷ்ணகிரி கிரானைட் பத்தி சொல்லணுமா, ஒரு தடவை உரசினாலே மேல் நார் கீறிடும், நார் அறுந்துச்சுன்னா டேங்க்க ஓரங்கட்ட வேண்டியது தான். ரப்பர் கவர் கண்டிப்பா போடுங்க. பழசு வாங்கறதா இருந்தா தேதிய பாருங்க, வண்டிக்கு எஃப்சி மாதிரி இதுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணி ரொப்பி பிரஷர் ஏத்தி பாக்கறது, அதுல கார்பன் டேங்க்குக்கு பொதுவா மொத்த ஆயுசே 15 வருஷம். தம்பிக்கு ஒருத்தர் பாதி விலைக்கு தர்றேன்னு ஒன்னு காட்டினார், புதுசா கருப்பு பெயின்ட் பளபளன்னு, லேபிள் மேலயும் சேர்த்து அடிச்சிருக்கார். தேதி எங்கன்னு கேட்டதும் ஆளுக்கு வேற வேலை வந்துடுச்சு. வெளிநாட்டுல இருந்து மச்சான் சூட்கேஸ்ல கொண்டாருவான்னும் நம்பாதீங்க, இங்க 500 மில்லிக்கு மேல போனாலே சட்டப்படி சிலிண்டர் கணக்கு, 48ங்கறதே 787 மில்லி, நாக்பூர்ல இருக்கற பெசோ, அதான் வெடிபொருள், கேஸ் சிலிண்டர் பாதுகாப்பு பாக்கற மத்திய அரசு ஆபீஸ், அதோட அப்ரூவல் கேப்பாங்க.

டேங்க் மாட்டினதும் புஸ்ஸுன்னு சத்தம் வந்தா பயப்படாதீங்க, நூத்துக்கு தொண்ணூறு அந்த வாயில இருக்கற ஓரிங் தான், சைஸ் 015, கடையில யூரித்தேன்னு கேட்டு வாங்குங்க, சாதா கருப்பு ரப்பர் ரெண்டு நாள்ல பிதுங்கிடும். பாக்கெட்டுல பத்து வச்சிருக்கேன், எதிர் டீம்காரன் கூட வந்து கேப்பான். அப்புறம் வால்வும் பாட்டிலும் சேர்ற எடத்துல நெயில் பாலிஷ்ல குறுக்கால ஒரு கோடு போட்டு வைங்க. டேங்க்க கன்னுல இருந்து கழட்டறப்ப வால்வு பாட்டில்ல இருந்து கழண்டு வந்தா கோடு ஒடையும், பாத்த ஒடனே நிறுத்திடணும், இல்லன்னா ராக்கெட் தான். எங்க டேங்க் எல்லாத்துலயும் தம்பி பொண்டாட்டியோட ரோஸ் கலர் பாலிஷ், கேக்காம எடுத்ததுக்கு அவன் வாங்கினது தனி.

இப்ப கிரவுண்டுக்கு இன்னும் ஆறு 48/3000 சொல்லியிருக்கோம். சிஓ2 பாட்டில் ரெண்டையும் காலி பண்ணி மாங்கா கூடை பக்கத்துல போட்டாச்சு. கார்பன் என்கிட்ட தான் இருக்கு, பெங்களூர் போற வேலை இருந்தா ரொப்பிட்டு வருவேன், தம்பி கேட்டா தர மாட்டேன்.