உப்புக் காற்றில் ஒரு வெட்டித் துப்பாக்கி: .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் விமர்சனம்

ராமநாதபுரம் கடற்கரையில் ஏர் ரைஃபிளுக்கு வேலை என்று ஒன்றும் கிடையாது. வேட்டைக்கு ஆகாது. பனங்காட்டில் திரியும் மயிலும் தனுஷ்கோடிக்கு வரும் பூநாரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன. கடலுக்குள் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வீட்டுக் காவலுக்கும் உதவாது. ஒரு குண்டு போட்டு, பேரலை ஒடித்து, மூடிக் குறி பார்ப்பதற்குள் வந்தவன் தெரு தாண்டியிருப்பான். 10 மீட்டர் போட்டிக்குப் போகிறவர்கள் வாங்குவது வேறு வகை. ஆக, தகர டப்பாவையும் காகித வட்டத்தையும் சுட்டு மகிழ்வதற்கு மட்டுமே இந்தச் செலவு. அந்த மகிழ்ச்சிக்கு இது தகுமா, உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

எடுத்துக்கொண்டது ஜெர்மனியின் டயானா 35 ரைஃபிளின் அச்சில் நம் நாட்டில் செய்யப்படும், பேரலை ஒடித்துச் சுடும் பிரேக் பேரல் வகை. .177 என்பது அங்குலத்தில் பேரலின் துளை அளவு. நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், எடை மூன்றரைக் கிலோ அளவில், மரக்கட்டை, இரும்புக் குறிமுள். பேரலைப் பிடித்துக் கீழே ஒடித்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கிப் பிஸ்டன் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். டிரிகரை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அழுத்த, அந்தக் காற்றே குண்டைத் தள்ளுகிறது. கேஸ் கிடையாது, சிலிண்டர் கிடையாது, பம்பு கிடையாது. கடலோரத்துக்கு இதுவே பெரிய பலம். பி.சி.பி. எனப்படும் அழுத்தக் காற்று ரைஃபிள் துல்லியத்தில் பல படி மேல்தான். ஆனால் கைப்பம்பால் 200 பார் அழுத்தம் வரை காற்றை ஏற்றும்போது இந்த ஊரின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகிறது. வடிகட்டி இல்லாத பம்பாக இருந்தால் காற்றுத் தொட்டியின் உட்சுவரே அரிக்கத் தொடங்கும், அது வெளியே தெரியவும் தெரியாது. மண்டபம், பாம்பன், தொண்டி என்று கடலைப் பார்த்து இருக்கிற வீட்டுக்கு ஸ்பிரிங் வகைதான் ஏற்றது.

ஸ்பிரிங்குக்குப் பதில், உள்ளே அடைத்து வைத்த வாயுவே தள்ளும் கேஸ் பிஸ்டன் வைத்த மாதிரியும் வருகிறது. அதிர்வு குறைவு, பூட்டிய நிலையில் சற்று நேரம் வைத்திருந்தாலும் கெடாது. ஆனால் கசிந்தால் முழு பாகத்தையும் மாற்ற வேண்டும். ஸ்பிரிங் என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

இனி துரு. இங்கே ரைஃபிளைக் கொல்வது அதுதான். நம் காற்றோடு வந்து படியும் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. முன்னது காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் நீராய்க் கசியும். பின்னது சுமார் 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடும். அதனால் மழை இல்லாத கோடையிலும் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். இந்த விலையில் வரும் ரைஃபிள்களின் கறுப்புப் பூச்சு மிக மெல்லியது. விரல்ரேகை பதிந்த இடத்தில் மறுநாளே காவி நிறம் எட்டிப் பார்க்கும்.

பலரும் நேராக எண்ணெயை எடுத்துத் தடவுகிறார்கள். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு அடியிலேயே தங்கிவிடும், துரு எண்ணெய்க்குக் கீழே நடக்கும். சரியான வரிசை வேறு. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த பருத்தித் துணியால் இரும்புப் பகுதி முழுவதையும் துடைக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் கேன் தண்ணீர். கடலோரக் கிணற்று நீரும் போர் நீரும் பெரும்பாலும் உப்பு, அதில் துடைத்தால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். பிறகு உலர்ந்த துணி, அதன்பின் பத்து நிமிடம் மின்விசிறிக் காற்று. கடைசியாகத்தான் எண்ணெய், அதுவும் துணியில் நாலு சொட்டு விட்டு மெல்லிய படலமாக. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் படகு எஞ்சினுக்கு ஊற்றும் புது ஆயிலே போதும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். நாளாகப் பிசினாகிப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கியவர்கள் அதிகம் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். வெளியே எண்ணெய் கேட்கும் இதே ரைஃபிளுக்கு உள்ளே எண்ணெய் விஷம். பிஸ்டன் அழுத்தும்போது காற்று கடுமையாகச் சூடேறும். காற்று அழுந்தும் அந்த அறையில் சாதாரண எண்ணெய் ஒரு சொட்டு இருந்தாலும் டீசல் எஞ்சினில் போல அது தானாகப் பற்றிக்கொள்ளும். டப்பென்று வெடிச்சத்தம், பேரல் வாயில் புகை, கருகிய வாடை, குறி தாறுமாறாக மேலே ஏறும். அடிக்கடி இப்படி வெடித்தால் பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும். புது ரைஃபிளில் தொழிற்சாலை எண்ணெய் இருப்பதால் முதல் சில டஜன் குண்டுகளுக்கு இலேசான புகை வரலாம், அது தானாக அடங்கும். அடங்காவிட்டால் பிரித்துத் துடைப்பதைத் தவிர வழியில்லை. பிரிப்பதற்கு ஸ்பிரிங் அழுத்தும் கருவி வேண்டும். அது இல்லாமல் பின்முனைப் பூட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் சீறி வந்து முகத்தில் அடிக்கும்.

எண்ணெய் உள்ளே போகும் வழி பெரும்பாலும் பேரல்தான். பேரலுக்குள் எண்ணெய் விட்டு ரைஃபிளை வாய் மேலாகச் சுவரில் சாய்த்து வைப்பார்கள். எண்ணெய் மெதுவாக இறங்கிக் காற்றுத் துளை வழியாக அறைக்குள் போய்ச் சேரும். வாய் கீழாக, ஒரு பழைய துணியின் மேல் நிறுத்தி வையுங்கள், அல்லது படுக்க வையுங்கள். மறுமுறை சுடுவதற்கு முன் பேரலை உலர்ந்த துணியால் இழுத்துத் துடைக்க வேண்டும். அதற்கு இரும்புக் கம்பி கூடாது, குண்டைச் சுழற்றும் உள்வரிப் பள்ளங்கள் தேய்ந்துவிடும். தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். கனமான தங்கூசியை இரண்டாக மடித்துக் கண்ணி போட்டு, வாய்ப்பக்கமிருந்து நுழைத்துப் பின்பக்கம் எடுத்து, கண்ணியில் சிறு பருத்தித் துண்டை மாட்டி வாயை நோக்கி இழுத்தால் வேலை முடிந்தது. காசு கொடுத்து வாங்கும் சுத்தம் செய்யும் கிட்டை விட இது நன்றாகவே வேலை செய்கிறது.

உள்ளே போடத் தகுந்தது இரண்டுதான். பிஸ்டனின் பக்கவாட்டில் மாலிப்டினம் கிரீஸ், ஸ்பிரிங்கில் கெட்டியான கிரீஸ். வாஷரின் முகத்தில் எதுவும் படக்கூடாது. தோல் வாஷர் வைத்த பழைய மாதிரிக்கு எப்போதாவது ஒரு சொட்டு சிலிக்கான் ஆயில் கொடுக்கலாம். ஆனால் அதே சிலிக்கான் ஆயிலை ஸ்பிரிங்குக்கு விடாதீர்கள், இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் அது தாங்காது.

கடையில் தரும் ஸ்பாஞ்சு வைத்த ரெக்சின் உறை வண்டியில் கொண்டுபோக மட்டும். அதிலேயே போட்டு வைத்தால் ஸ்பாஞ்சு ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஒரு மழைக்காலம் போதும், பேரலில் அம்மைத் தழும்பு விழ. மர அலமாரியிலோ காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியிலோ ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரைக் கிலோவோடு வைப்பது நல்லது. ஜெல் நிறம் மாறினால் மெல்லிய தீயில் வறுத்துத் திரும்பப் போடலாம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கட்டையின் திருகுகளைக் கழற்றி இரும்பைத் தனியே எடுத்துப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது கட்டைக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்தில்தான். அந்த இடத்துக்கும் கட்டையின் உட்பள்ளத்துக்கும் மெழுகு பாலிஷ் பூசினால் எண்ணெயைக் காட்டிலும் நீண்ட நாள் நிற்கும். திரும்ப மாட்டும்போது திருகுக்கு நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி விடுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளின் உதறலில் திருகு தளரும். குறி திடீரென்று கெட்டால் முதலில் பார்க்க வேண்டியதும் திருகைத்தான்.

சுடும் அனுபவம் எப்படி? முதல் நாள் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குண்டு வாயைத் தாண்டும் முன்பே ரைஃபிள் பின்னும் முன்னும் உதறுகிறது. இறுகப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி உதறும், குண்டுகள் சிதறும். முன்னால் பிடிக்கும் கையைத் திறந்து உள்ளங்கையில் கட்டையைச் சும்மா கிடத்தி, தோளில் இலேசாகத் தொட்டு, அது போகிற போக்கில் உதற விட வேண்டும். உள்ளங்கை வைக்கும் இடமும் மாறக்கூடாது. இந்தப் பிடி கைவந்ததும் 10 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் விழத் தொடங்கும். எளிதில் வசப்படாத இந்தக் கோணல் புத்திதான், சொல்லப்போனால், இதன் சுவாரசியமே. ஸ்கோப் மாட்டும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். இரு திசை உதறலுக்கென்று செய்யப்படாத ஸ்கோப் உள்ளே உடைந்துவிடும்.

குண்டு 0.5 கிராம் அளவில், தட்டைத் தலை உடையதை வாங்குங்கள், காகிதத்தில் வட்டமாக வெட்டி விழும். ஈயம் இங்கே வெள்ளைப் பொடி பூக்கும், டப்பாவை இறுக மூடி வையுங்கள். தம் வாயில் குண்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஈயம் நஞ்சு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குண்டு போடாமல் டிரிகரை இழுப்பதும் கூடாது. எதிர்க்காற்று இல்லாமல் பிஸ்டன் நேராகக் காற்றறையின் முன்சுவரில் மோதும்.

காற்று இன்னொரு பாடு. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போகும் குண்டை மணிக்கு 30 கிலோமீட்டர் பக்கவாட்டுக் காற்று 10 மீட்டரில் ஒரு விரல் அகலம் தள்ளும், 25 மீட்டரில் உள்ளங்கை அகலத்துக்கு மேல். ஆடிக் காற்றில் 25 மீட்டர் என்பது வெறும் சூதாட்டம். கடற்காற்று எழுமுன் விடிகாலையில் சுடுவது நல்லது. பறக்கும் மணல் எண்ணெயோடு சேர்ந்தால் பேரல் ஒடியும் மூட்டினை அறுக்கும் சாந்தாகிவிடும், அதனால் மணல் பறக்கும் நாளில் வெளியே எடுக்கவே வேண்டாம்.

குண்டுதாங்கிக்குப் பனங்கட்டையை நிறுத்துவது இங்கே வழக்கம். அது வைரம் பாய்ந்த மரம், குண்டு தெறித்துத் திரும்பி வரும். அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம்: ஓரடிச் சதுரத்தில், ஓரடி ஆழத்தில் ஒரு மரப்பெட்டி, பின்சுவரில் முன்னால் சாய்த்த 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, உள்ளே சலித்த மணல், முன்பக்கம் அட்டை. சலிப்பது முக்கியம், கடல் மணலின் கிளிஞ்சல் துண்டுகள் சிதறும். உரச்சாக்கில் மணல் கட்டி வைத்தால் பத்து நாளில் ஓட்டையாகிக் கொட்டிவிடும். இலக்குக்குச் சாக்பீஸ் அருமை, பொடியாக வெடிக்கும். அப்பளமும் அப்படியே. ஓட்டுச்சில்லும் பாட்டிலும் வேண்டாம். தென்னோலை வேலி குண்டைத் தடுக்காது. மேல்நோக்கிப் போன குண்டு இருநூறு மீட்டரையும் தாண்டும். கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது.

சட்டம்: 2016 ஆயுத விதிகளின்படி .177 வரை துளையும் 20 ஜூல் வரை ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் வேண்டும். 0.51 கிராம் குண்டு நொடிக்கு 200 மீட்டரில் சுமார் 10 ஜூல், 280 மீட்டரில் 20 ஜூல். 'நொடிக்கு ஆயிரம் அடி வேகம்' என்று விளம்பரம் வந்தால் எந்த எடைக் குண்டில் என்று கேளுங்கள். கூடுதல் ஸ்பிரிங் போட்டுத் தருவதாகச் சொல்கிறவரிடமிருந்து விலகி நில்லுங்கள். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து ரசீது வாங்கி, அதன் நகலை உறையிலேயே வையுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமும் மண்டபத்தில் கடலோரக் காவல் படையும் இருக்கிற கரை இது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஏர் ரைஃபிளும் ரைஃபிள்தான். திறந்த கடற்கரையில் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பது வம்பு. சுற்றுச்சுவர் உள்ள சொந்த இடத்தில் மட்டும் சுடுங்கள்.

பழையது கிடைத்தால் வாங்கலாம், பார்த்து வாங்க வேண்டும். பேரலை ஒடித்து மறுமுனையில் டார்ச் அடித்துப் பாருங்கள், உள்வரிகள் பளிச்சென்று சுழன்று போக வேண்டும், கரும்புள்ளி இருந்தால் வேண்டாம். ஒடித்த பேரலை எப்போதும் ஒரு கையால் பிடித்தபடியே பாருங்கள். பூட்டு நழுவினால் அது விரலை நறுக்கிவிடும். மூடிய பேரலைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டை வைத்து, குண்டு போட்டுச் சுடச் சொல்லுங்கள். காகிதம் துள்ளினால் மூட்டு வாஷர் கசிகிறது, அது சில நூறு ரூபாய் வேலை, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். இரண்டு மூன்று குண்டு போட்டும் புகை வந்தால் விற்பவர் பழுதை மறைக்க எண்ணெய் ஊற்றியிருக்கலாம். கட்டையைக் கழற்றிக் காட்ட மறுத்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.