பெண் சிப்பாய்க்கென்று தைத்த கவசம் எப்படி இருக்கிறது?

குண்டு துளைக்காத உடுப்பு உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, அதை அணிந்துகொண்டு கண்ணாடி முன் நின்றால் போதாது. தரையில் குப்புறப் படுக்க வேண்டும். துப்பாக்கியைத் தோளில் ஊன்றித் தலையைத் தூக்கிக் குறி பார்க்க வேண்டும். உடுப்பு நீளமாக இருந்தால் படுத்தவுடன் மேலே ஏறும். பின்கழுத்துப் பட்டை ஹெல்மெட்டின் பின்விளிம்பை இடிக்கும், ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். பெண்ணின் கொண்டை நடுவே மாட்டிக்கொண்டால் இன்னும் மோசம். அமெரிக்கத் தரைப்படை 2007 முதல் வழங்கிய ஐஓடிவி (மேம்படுத்திய வெளிக்கவசம்) என்ற உடுப்பில் பெண்களுக்கு நேர்ந்தது இதுதான்.

அந்த உடுப்பை ஆண், பெண் இருவருக்கும் பொது என்றார்கள். உண்மையில் அது ஆண் உடம்புக்கு வெட்டிய துணி. பெண்ணுக்குத் தோள்பட்டை அகலமாகி, துப்பாக்கியின் அடிக்கட்டை பதிய வேண்டிய குழியை மூடிவிடும். கட்டை வழுக்கி மேல்கைக்குப் போகும். உட்கார்ந்தால், உடுப்புக்குள் செருகும் பீங்கான் தகடான பிளேட்டின் கீழ்விளிம்பு தொடையில் குத்தும், மேல்விளிம்பு தொண்டைக்கு வரும். இடுப்பில் தொளதொளவென்று நிற்பதால் பக்கவாட்டுப் பட்டையை இறுக்குவார்கள். அப்போது மார்பு அழுந்தி மூச்சு குறையும். இறுக்காமல் விட்டால் அக்குளுக்குக் கீழே இடைவெளி விழும். குண்டு புகுந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும் இடம் அது.

இதை வெறும் வசதிக் குறைவு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கத் தரைப்படையின் துப்பாக்கித் தேர்வில் 40 இலக்குகள். 23 அடித்தால் தேர்ச்சி, 36 அடித்தால் உயர்தரம். கவசமும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு சுடுவதே வழக்கம். இந்த மதிப்பெண் சார்ஜென்ட் பதவி உயர்வுக் கணக்கிலும் சேரும். கட்டை வழுக்கியதால் தவறிய குண்டு அவளுடைய கணக்கில்தான் ஏறுகிறது, உடுப்பின் கணக்கில் ஏறுவதில்லை. பிறகு அதே தாளைக் காட்டி, பெண்களுக்குச் சுட வராது என்கிறார்கள். வேலையில் பாகுபாடு இப்படியும் நடக்கும். யாரும் தடுத்துப் பேச வேண்டியதில்லை, பொருந்தாத கருவியைக் கையில் கொடுத்தாலே போதும்.

பெண் உடம்பின் அளவு தெரியாமல் போய்விட்டது என்று சொல்லவும் வழியில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் நேட்டிக்கில் உள்ள ராணுவ ஆய்வகத்தின் 1988 உடலளவுத் தொகுப்பிலேயே 1,774 ஆண்களும் 2,208 பெண்களும் இருக்கிறார்கள். அளவு கையில் இருந்தும் பெண்களுக்கான உடுப்பு வர 2012 ஆனது. இடையில் 1994-ல் போட்ட விதி, நேரடித் தரைப்போர்ப் பிரிவுகளில் பெண்களை நியமிக்கக் கூடாது என்றது. அந்தப் பிரிவுகளோடு தற்காலிகமாக இணைத்து அனுப்புவதற்கு மட்டும் தடை இல்லை. சண்டை நடக்கும் இடத்தில் பெண் இருந்தாள், ஆனால் காகிதத்தில் இல்லை. 2005 மார்ச்சில் ஈராக்கின் சல்மான் பாக் அருகே வாகன வரிசையைத் தாக்கியவர்களோடு நேருக்கு நேர் சண்டையிட்டு வீரத்துக்கான வெள்ளி நட்சத்திரப் பதக்கம் பெற்றார் லீ ஆன் ஹெஸ்டர். அவர் தரைப்போர்ப் பிரிவில் இல்லை, ராணுவக் காவல் பிரிவைச் சேர்ந்தவர். பெண் உடுப்பு வந்தது அதற்கு ஏழு ஆண்டு கழித்து.

2012 உடுப்பை முதலில் கென்டக்கியில் 101-வது வான்வழிப் படைப்பிரிவின் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேலைப்பாடு நன்றாகவே இருக்கிறது. தோள் குறுகலானது. முதுகில் பட்டைகள் குறுக்காகப் போகின்றன. உடல்நீளம் குறைந்தது, இடுப்பு உள்வாங்கியது, பின்கழுத்தில் கொண்டைக்கு இடம் விட்டார்கள். முன்பக்க மென்கவச அடுக்குகளுக்கு மார்பின் வளைவும் வந்தது. பிளவுஸ் தைப்பவர்கள் டாட் பிடிப்பதைப் போன்ற வேலைதான், ஆனால் இங்கே நினைத்த இடத்தில் தையல் போட முடியாது. தையல் விழுந்த இடம் குண்டுக்குப் பலவீனம், அங்கே அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும். அப்படி ஏறினால் தடிமனும் எடையும் கூடும். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஆள்வைத்து உட்கார்ந்தார்கள் என்பதற்காகவே அந்த உடுப்பைப் பாராட்டலாம்.

தீராத குறை பிளேட்டில் இருக்கிறது. துணியை வளைக்கலாம், பீங்கானை வளைக்க முடியாது. உள்ளே செருகும் தகடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். மார்பின் மேல் அது படியாமல் நிற்கும்போது மேல்விளிம்புக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி விழும். புது வளைவில் பீங்கான் சுட வேண்டுமானால் தனி அச்சு வேண்டும், ஒவ்வொரு அளவையும் மறுபடி துப்பாக்கியால் சுட்டுச் சோதிக்க வேண்டும். செலவு கூடும்தான். அதற்காகத் தள்ளிப்போடுவதை நியாயம் என்று ஏற்க மனம் வரவில்லை.

அடுத்து வந்த எம்எஸ்வி (பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் கவசம்), பெண்களுக்கென்று தனி உடுப்பு அல்ல. மீடியம் அளவில் பிளேட்டுகளோடு சுமார் 11 கிலோ, பழையதைவிட இரண்டு கிலோவுக்கு மேல் குறைவு. இதன் இரண்டாம் பதிப்பில் எக்ஸ்எஸ்-ஷார்ட் என்ற குட்டை அளவைச் சேர்த்தார்கள். குள்ளமான ஆண்களுக்கும் அது பயன்படுகிறது. எடையிலும் நீளத்திலும் இதுதான் முதலிடம். மார்பு வளைவில் 2012 உடுப்பே மேல் என்பது எங்கள் கணிப்பு.

எந்த உடுப்பானாலும் வாங்கும் கவுன்ட்டரிலேயே அளந்துவிட வேண்டும். முதலில் பிளேட்: எக்ஸ்எஸ் 7.25 அங்குல அகலம், 11.5 அங்குல உயரம். மீடியம் 9.5-க்கு 12.5, எடையும் ஒன்றுக்குச் சுமார் இரண்டரை கிலோ. மார்புக்காம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் அகலத்தைச் சொல்லும். கழுத்தெலும்புகள் சேரும் குழியிலிருந்து தொப்புளுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேல்வரை உள்ள தூரம் உயரத்தைச் சொல்லும். பிளேட்டின் மேல்விளிம்பு அந்தக் குழியை ஒட்டி நிற்க வேண்டும். தோள்பட்டையை முதலில் சரிசெய்து, பிறகே இடுப்பை இறுக்க வேண்டும். வரிசை மாறினால் பிளேட் கீழே இறங்கி இதயத்தின் மேல்பகுதி வெளியே தெரியும். ஆழ்ந்து மூச்சிழுத்துப் பார்த்து, உட்கார்ந்து, கடைசியாகக் குப்புறப் படுத்து, கொண்டையும் ஹெல்மெட்டும் வைத்தே குறி பார்க்க வேண்டும்.

சிறிய அளவு கையிருப்பில் இல்லை என்று மீடியத்தை நீட்டுவது எங்கும் நடக்கிற கதை. வாங்கிக்கொண்டாலும், கேட்ட அளவையும் கொடுத்த அளவையும் வழங்கல் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். துப்பாக்கித் தேர்வுக்குப் போகும்போது அந்தச் சீட்டின் நகல் கையில் இருக்கட்டும்.