தோட்டக்கலை பபிள் ராப்: லண்டன் குளிருக்குத் தாக்குப்பிடிக்குமா?

பார்சல் சுற்றும் பபிள் ராப் வேறு, குளிர்காலத்தில் கிரீன்ஹவுஸின் (செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம்) உட்பக்கம் பொருத்தும் இது வேறு. பார்சல் ரகத்தின் குமிழிகள் சிறியவை. வெயில் பட்டுப் பட்டு சீக்கிரமே நொறுங்கிவிடும். தோட்டக்கலை ரகத்தில் குமிழி 20 முதல் 30 மி.மீ. வரை, புற ஊதாக் கதிரையும் தாங்கும். வசந்தத்தில் கழற்றிச் சுருட்டி வைத்தால் சில குளிர்காலங்களுக்கு வரும். விலை கூடத்தான், ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

6க்கு 8 அடி அலுமினிய கிரீன்ஹவுஸுக்கு 1.5 மீட்டர் அகலச் சுருளில் சுமார் 15 மீட்டர் வேண்டும். முதலில் கண்ணாடியைக் கழுவுங்கள். ராப் எப்படியும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், பாசியும் சேர்ந்தால் செடி வெளுத்துவிடும். குமிழிப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். சட்டத்தின் பள்ளத்தில் பிளாஸ்டிக் கிளிப்பைச் செருகித் திருகினால் பிடித்துக்கொள்ளும். 30 செ.மீ.க்கு ஒன்று போடுங்கள். இடைவெளி கூடினால் கூரையில் தொய்வு விழுந்து அதில் தண்ணீர் தேங்கும். கிளிப்பைத் தனியாக விற்பதுதான் எரிச்சல்.

கூரை ஜன்னலை மட்டும் தனித் துண்டால் மூடுங்கள், திறக்க வர வேண்டும். சேர்த்து மூடிவிட்டால் ஈரம் வெளியேறாமல் சாம்பல் பூஞ்சணம் வரும். பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஹீட்டர் வைத்தால் இன்னும் மோசம், ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே சேரும்.

ராப் சூட்டை உண்டாக்காது, இருப்பதைத்தான் காக்கும். கறிவேப்பிலைக்கு 10 டிகிரி வேண்டுமென்றால் தெர்மோஸ்டாட் வைத்த மின்ஹீட்டரும் வாங்கியே ஆகவேண்டும்.