5 ரூபாய் பஜ்ஜி 10 ரூபாய் ஆன கதை: எங்கள் தெருமுனைக் கடை

திருச்சியில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தள்ளுவண்டி, ஒரு வாணலி, கல்லாவுக்கு ஒரு பிஸ்கட் டப்பா, அவ்வளவுதான். 2021இல் 5 ரூபாய்க்குத் தின்ற வாழைக்காய் பஜ்ஜி இன்றைக்கு 10 ரூபாய். முதலில் வயிறு எரிந்தது உண்மைதான், இருந்தாலும் 5க்கு 4 போடுகிறேன்.

2022 மே மாதத்தில் ஒரு நாள் போனால் அடுப்பே பற்றவைக்கவில்லை. "டின் விலையக் கேட்டியா தம்பி? இந்தோனேசியாக்காரன் எண்ணெய வெளிய விடமாட்டேங்குறானாம்" என்றார் மாஸ்டர். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜம்தான்! உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் எடுக்கிற நாடு, தன் ஊர் மக்களுக்கே எண்ணெய் எட்டாத விலைக்குப் போனதால் ஏப்ரல் 28இல் ஏற்றுமதியை நிறுத்தி மே 23இல்தான் திறந்துவிட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் உக்ரைன் போர் தொடங்கியிருந்தது. உலகச் சந்தைக்கு வரும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனும் ரஷ்யாவும் அனுப்புவது, அது சிக்கிக்கொண்டதும் எல்லா நாடும் பாமாயில் பக்கம் பாய்ந்ததில் அதுவும் எகிறியது. நாமோ சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறவர்கள், அடி நேராகத் தள்ளுவண்டிக்கே வந்துவிட்டது. பஜ்ஜி 8 ரூபாய் ஆனது.

அப்புறம் எண்ணெய் இறங்கியது, பஜ்ஜி இறங்கவில்லை. 2024 செப்டம்பரில் நம் அரசே, உள்ளூர் எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று, சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு மொத்த இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5க்கு ஏற்றியது, பஜ்ஜி 10 ஆனது. 2025 மே கடைசியில் அந்த வரியில் பெரும்பங்கான அடிப்படை வரியைப் பாதியாக்கினார்களே, இப்போது குறைக்கலாமே என்று கேட்டேன். "கேஸு, கடலை மாவெல்லாம் இறங்கிருச்சா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். என்ன பதில் சொல்வது?

ஆனால் ஒன்று, வாழைக்காயை அவர் மெலிசாகச் சீவவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் விலை அதே, வடைதான் வருஷா வருஷம் இளைத்துக்கொண்டே போகிறது. எண்ணெய் பாக்கெட்டிலும் இதே வேலைதான், 1 லிட்டர் என்றால் 910 கிராம் வர வேண்டும், 850, 800 என்றும் பாக்கெட் வருகிறது, புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு மார்க் ஏன் குறைத்தேன் என்றால், விலை எகிறிய நாட்களில் மாஸ்டர் அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய வைத்தார், கறுப்பும் காறலுமாக இருந்தது. இப்போதும் எட்டு மணிக்கு மேல் அந்த வாடை லேசாக அடிக்கிறது. ஐந்து மணிக்குப் போய்விடுங்கள், தேங்காய்ச் சட்னியும் அப்போதுதான் இருக்கும்.