எலி மருந்தா, எலிப்பொறியா? டர்பன் வீட்டுக்கு எது?

சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுச் சீலிங்கில் எலி ஓடத் தொடங்கியதும், மருந்தா பொறியா என்று யோசித்து, அடித்துக் கொல்லும் பொறியைத் தேர்ந்தெடுத்தோம். அரிசி மூட்டையைக் கிழிக்கும், வயரைக் கடிக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த தொல்லைதான். என்னைக் கவலைப்பட வைத்தது அதன் குடலில் இருக்கும் கிருமி. 2016, 2017இல் வியன்னாவில் பிடித்த சாக்கடை எலிகளில் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காத பாக்டீரியாக்கள் இருந்தன. பெர்லினிலும் அப்படித்தான். எலிக்கு யாரும் மாத்திரை கொடுப்பதில்லை. நம் சாக்கடையிலும் குப்பையிலும் கிடக்கும் கிருமிகளைத் தொற்றிக்கொண்டு வந்து, சமையல் மேடையில் புழுக்கையாகப் போட்டுவிட்டுப் போகிறது. இங்கே டர்பனில், கேட்டோ கிரெஸ்ட் எலிகளில் எலிக்காய்ச்சல் கிருமியும் கண்டறியப்பட்டிருக்கிறது.

டாக்சி ஸ்டாண்டு பக்கம் பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் மருந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சோவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகளின் உயிரைப் பறித்தது, இப்படித் தெருவில் எலி மருந்தாக விற்கும் டெர்புஃபோஸ் என்ற விவசாய விஷம். 2025இல் அமைச்சரவை அதைத் தடைசெய்ய முடிவெடுத்தது. வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை.

கடையில் லேபிளோடு கிடைக்கும் கட்டி மருந்து வேறு வகை. பெரும்பாலும் பிரோடிஃபாகூம் அல்லது புரோமாடியோலோன். ரத்தம் உறையவிடாமல் செய்து கொல்லும். தினமும் பார்க்க வேண்டியதில்லை, கை எட்டாத இடத்திலும் வேலை செய்யும். கிடங்கு, பெரிய கடை என்றால் இதன் பலத்தை மறுக்க முடியாது. ஆனால் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் ஆகும். அதுவரை அதே வழியில் ஓடி, அதே இடங்களில் மூத்திரமும் புழுக்கையும் விடும். கடைசியில் எங்கே சாகும் என்பது நம் கையில் இல்லை. மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தைக்கும் விஷம் போய்ச் சேரும்.

என் முடிவு இந்த இடத்தில்தான் நின்றது. பொறியில் விழுந்த எலி எங்கே கிடக்கிறது என்று தெரியும், அந்த இடத்தைச் சுத்தம் செய்யலாம். ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத பாக்டீரியாவும் பிளீச்சுக்கு அடங்கிவிடும். மாத்திரையை எதிர்க்கும் திறன் பிளீச்சிடம் அதைக் காப்பாற்றாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். கையுறை போட்டு, எலி மேலும் சுற்றிலும் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும். அப்புறம் இரண்டு பைக்குள் கட்டிக் குப்பையில் போட்டு, பொறியையும் துடைக்க வேண்டும். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது, தூசியாகிப் பறக்கும். நனைத்துத் துடைக்க வேண்டும்.

ஆமாம், இது வேலைதான். காலையில் எழுந்ததும் பொறியைப் பார்க்காமல் விட்டால் எறும்பும் ஈயும் முந்திக்கொள்ளும். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். அதனால் முதல் சில நாள் பொறியின் விசையை இழுத்து வைக்காமல் பீநட் பட்டர் மட்டும் தடவி, சுவரோரமாக வைத்துப் பழக்க வேண்டும். சுண்டெலிக்கான சின்னப் பொறி போதாது, பெரியதாகவே வாங்குங்கள்.

பசை அட்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்டிக்கொண்ட எலி பயத்தில் அங்கேயே கழிக்கும், சித்திரவதையும் கூட. பூனை வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அதை எடைபோட மாட்டேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஓட்டைகளை அடைத்தே ஆக வேண்டும். கனடாவின் வான்கூவரில் பொறிவைத்துக் கொன்ற தெருக்களில், மிஞ்சிய எலிகளிடம் எலிக்காய்ச்சல் கிருமி கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் கொன்றால் மட்டும் போதாது, உள்ளே வரும் வழியையே அடைக்க வேண்டும். குழாய் நுழையும் இடத்தில் ஸ்டீல் கம்பளியைத் திணித்து சிமெண்ட் பூசினோம். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி போட்டோம். பக்கத்து மனை காலியாகக் கிடந்து எலி அங்கிருந்து வருகிறது என்றால், பூட்டிய பெட்டிக்குள் மருந்தை வெளியே வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டுக்குள் பொறி மட்டும்தான்.