வெளிநாட்டில் நாலு வாரம்: எலெக்டிவ்வா, அப்சர்வர்ஷிப்பா, எக்ஸ்சேஞ்சா?

எம்.பி.பி.எஸ். கடைசி வருடத்தை நெருங்கும் ஜூனியர்கள் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் வார்டு வேலையில் சேர்ந்துகொள்ளும் எலெக்டிவ் (வேலூர் சி.எம்.சி.க்கு வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்களே, அதே ஏற்பாடுதான், திசை மட்டும் வேறு). அதே நாட்டில் ஓரமாக நின்று பார்க்க மட்டும் அனுமதிக்கும் அப்சர்வர்ஷிப். மூன்றாவது, ஐ.எஃப்.எம்.எஸ்.ஏ. என்ற சர்வதேச மருத்துவ மாணவர் கூட்டமைப்பு நடத்தும் எக்ஸ்சேஞ்ச். நான் முதலாவதற்குப் போனவன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

செலவில் எக்ஸ்சேஞ்ச்தான் மலிவு. தங்குமிடமும் தினம் ஒரு வேளைச் சாப்பாடும் பொதுவாக அங்கேயே கிடைத்துவிடும். விமான டிக்கெட், விசா, சங்கக் கட்டணம் நம்முடையது. எலெக்டிவ்வுக்கு வாங்கும் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஏஜென்ட் மூலம் போகும் அப்சர்வர்ஷிப்புக்கு ஆயிரம் டாலருக்கு மேல் சாதாரணமாகக் கேட்கிறார்கள். வாடகையும் சாப்பாடும் தனி.

ஆனால் அமெரிக்காவில் ரெசிடென்சி (ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே படிக்கும் மேற்படிப்பு, நம் ஊர் பி.ஜி. மாதிரி) சேருவதுதான் திட்டம் என்றால், பணத்தைவிட முக்கியமானது சிபாரிசுக் கடிதம். அங்கே டாக்டராக எழுத வேண்டிய யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வில், நோயாளியிடம் பேசிப் பரிசோதிக்கும் திறனைப் பார்த்த ஸ்டெப் 2 சி.எஸ். பகுதியை 2021இல் நிறுத்திவிட்டார்கள். 2022 ஜனவரியிலிருந்து, அடிப்படைப் பாடங்களைக் கேட்கும் ஸ்டெப் 1க்கு மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில்தான். ஆக, சிகிச்சை அறிவைச் சோதிக்கும் ஸ்டெப் 2 சி.கே. மார்க்குக்கு அடுத்தபடியாக, ‘இந்த ஆள் நம் வார்டில் வேலை செய்வாரா’ என்று ரெசிடென்சி நடத்தும் ஆஸ்பத்திரிகள் தெரிந்துகொள்ள, அங்கே நம்மைப் பார்த்த டாக்டரின் கடிதம்தான் இருக்கிறது.

அப்சர்வர்ஷிப்பில் அந்த டாக்டரால் என்ன எழுத முடியும்? நேரத்துக்கு வந்தார், ஆர்வமாக இருந்தார், நல்ல கேள்விகள் கேட்டார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் நோயாளியைத் தொடவில்லை, நோட்ஸ் எழுதவில்லை. அவர் பார்த்தது அவ்வளவுதான்.

எலெக்டிவ்வில் காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே உங்களுக்குக் கொடுத்த நோயாளியைப் போய்ப் பார்த்து, இரவில் என்ன நடந்தது, ரத்தப் பரிசோதனையில் என்ன மாறியது என்று தெரிந்துகொண்டு, சில நிமிடங்களில் கேஸைச் சொல்லி முடிக்க வேண்டும். நம் ஊரில் ஹிஸ்டரியையும் எக்ஸாமினேஷனையும் விரிவாகச் சொல்லப் பழக்குவார்கள். மருந்து முடிவெல்லாம் பி.ஜி.க்களின் வேலை. அங்கே அட்டெண்டிங் (வார்டுக்குப் பொறுப்பான சீனியர் டாக்டர்) காத்திருப்பதே கடைசிப் பகுதிக்குத்தான்: என்ன நினைக்கிறாய், என்ன செய்யலாம்? முதல் வாரம் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் பழகிவிட்டது. சோடியம் குறைந்துகொண்டே வந்த ஒரு பாட்டிக்கு, பிரஷருக்குக் கொடுத்திருந்த தயசைடை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன். புத்தகத்தில் இருக்கும் சாதாரண விஷயம்தான். ஆனால் ‘இவர் இதைக் கவனித்துச் சொன்னார்’ என்று ஒரு டாக்டரால் எழுத முடிகிறதே, அதற்குத்தான் மதிப்பு.

கடிதத்தைத் துறைத் தலைவரிடம்தான் வாங்க வேண்டும் என்றில்லை. தினமும் உங்களைப் பார்த்த அட்டெண்டிங்கிடம், கடைசி வாரத்தில் நேரில் கேளுங்கள். கடிதத்தைப் படிக்கும் உரிமை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். உங்களுக்குக் காட்டாமல் எழுதியதைத்தான் நம்புவார்கள்.

எலெக்டிவ்வின் பெரிய சிக்கல், அது படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும்தான். டிகிரி கைக்கு வந்துவிட்டால் கதவு மூடிவிடும். சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாய இன்டர்ன்ஷிப்) செய்பவர்களைச் சில கல்லூரிகள் மாணவராக ஏற்கும், சில ஏற்காது. மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் முன்பே தொடங்கினால் நல்லது, காகித வேலை அவ்வளவு இருக்கிறது. டீன் கடிதம், இன்சூரன்ஸ், அம்மைக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் எதிர்ப்புச் சக்தி இருப்பதைக் காட்டும் ரிப்போர்ட், சில இடங்களில் ஸ்டெப் 1 பாஸ். காசநோய்ப் பரிசோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். நாமெல்லாம் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்கள் என்பதால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ பாசிட்டிவ் காட்டலாம். குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனையைப் பி.சி.ஜி. பாதிக்காது, அதையே எடுத்துக்கொண்டு போங்கள்.

அமெரிக்கத் திட்டமே இல்லாதவர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் போதும். வேறொரு நாட்டு ஆஸ்பத்திரி எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், பல நாட்டு மாணவர்களோடு பழகலாம். அங்கே எவ்வளவு வேலை தருவார்கள் என்பது துறையையும் மொழியையும் பொறுத்தது என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். ஜெர்மன் பேச வருபவர்களுக்கு ஃபாமுலாட்டூர் (ஜெர்மனியில் மருத்துவ மாணவர்கள் ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சி) இன்னொரு வழி. ரத்தம் எடுப்பது போன்ற வேலைகள் கிடைக்குமாம், இதுவும் கேள்விப்பட்டதுதான். பிரிட்டனுக்கு விசிட்டர் விசாவில் எலெக்டிவ் போகலாம், ஆனால் நோயாளிக்குச் சிகிச்சை தரக்கூடாது.

சரி, டிகிரி முடிந்துவிட்டது, அப்சர்வர்ஷிப் மட்டும்தான் மிச்சம் என்பவர்கள் பெரிய பெயரைத் தேடாமல், ரெசிடென்சி நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியைத் தேடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: ரெசிடென்டுகளோடு ரவுண்ட்ஸில் நிற்கவிடுவார்களா, கடிதம் ஆஸ்பத்திரி லெட்டர்ஹெட்டில் வருமா? பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.