அரைத்தானியங்கி பிஸ்டலில் வார்ப்பு ஈயக் குண்டு: மெழுகா, பூச்சா, செம்பு உறையா?

கூடு, வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க இலக்குச் சுடுநர்களிடையே, வார்ப்பு ஈயக் குண்டு ரிவால்வருக்கு மட்டுமே ஏற்றது, அரைத்தானியங்கி பிஸ்டலுக்கு ஆகாது என்ற நம்பிக்கை நெடுநாளாக நிலவி வருகிறது. போட்டி வரலாறு இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1961-இல் வெளியிட்ட மாடல் 52 என்ற அரைத்தானியங்கி, 148 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள தட்டைமுக ஈயக் குண்டை மட்டுமே மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. ஒஹாயோ மாநிலத்தின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியப் போட்டிகளில் .45 காலிபர் 1911 பிஸ்டலுடன் பல தலைமுறைகளாக இணைபிரியாமல் வந்தது, 200 கிரெய்ன் எடையுள்ள, தோள் விளிம்பு கொண்ட ஈயக் குண்டு. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் செம்பு உறையிட்ட குண்டுக்கு அனுமதியே இல்லை; ஈயமோ அதுபோன்ற மென்மையான பொருளோதான் பயன்படுத்த வேண்டும். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் ஜஸ்பால் ராணா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். ஆகவே ஈயம் ஆகுமா என்று கேட்பதைவிட, எந்தப் பிஸ்டலில், எந்த வகை ஈயக் குண்டு என்று கேட்பதே பயன் தரும்.

சந்தையில் இன்று நான்கு வகைகள் போட்டியிடுகின்றன. குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மெழுகு நிரப்பிய வார்ப்பு ஈயம் மிகப் பழையது. அதே ஈயத்தின் மேல் பாலிமர் அல்லது பவுடர் பூச்சிட்டுச் சூடேற்றி இறுக்கியது இரண்டாவது. மின்முலாம் முறையில் மெல்லிய செம்பு படியவைத்தது மூன்றாவது. தாமிரமும் சிறிது துத்தநாகமும் கலந்த தடித்த உறைக்குள் ஈயத்தை அழுத்தி அடைத்தது நான்காவது. படைகள் பயன்படுத்துவது இதைத்தான். உடலுக்குள் விரியும் குண்டுகளை விலக்கிய 1899-ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் படைகளை முழு உறைக் குண்டுடன் பிணைத்தது. காகித இலக்கைத் துளைப்பவருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை.

மெழுகிட்ட ஈயத்தின் மீது சொல்லப்படும் முதற்குற்றம், அது குழலின் உட்புறத்தில் ஈயப்படிவு உண்டாக்குகிறது என்பதாகும். குற்றம் உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் ஈயம் மென்மையாக இருப்பதே என்று பலர் எண்ணிக்கொண்டு, மேலும் மேலும் கடினமான உலோகக் கலவையைத் தேடிப் போகிறார்கள். உண்மையில், குண்டு குழலின் உள்விட்டத்தைவிடச் சிறிதளவு சிறியதாக இருந்தால், எரியும் வெடிமருந்தின் சூடான வாயு அதன் ஓரமாகப் பீறிட்டு, ஈயத்தை அரித்து, குழலின் சுவரில் அப்பிவிடுகிறது. கடினமான குண்டு குறைந்த அழுத்தத்தில் விரிந்து அந்த இடைவெளியை அடைக்காது என்பதால், கடினத்தைக் கூட்டுவது சில வேளைகளில் நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. படிவு எங்கே சேர்கிறது என்று பார்த்தாலே நோயை ஓரளவு கண்டறியலாம்: தோட்டா அறையை அடுத்துச் சேர்ந்தால் குண்டின் விட்டம் போதவில்லை, குழலின் வாயருகே சேர்ந்தால் பெரும்பாலும் மெழுகு பாதி வழியில் தீர்ந்துபோயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் .45 ஏசிபி, 9 மி.மீ. லூகர் என்ற இரு தோட்டா வகைகளும் வெவ்வேறு பாதையில் பிரிகின்றன. .45 தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு, 9 மி.மீ. தோட்டாவுக்கு அது 35,000 பவுண்டு. முன்னதன் கூடு (வெடிமருந்தையும் குண்டையும் தாங்கும் உலோகக் குப்பி) ஏறக்குறைய நேர்ச்சுவர் கொண்டது, 0.452 அங்குல விட்டமுள்ள ஈயக் குண்டை அது சிதைக்காமல் தாங்கிக்கொள்கிறது. 9 மி.மீ. கூடோ அடிநோக்கிச் சரிந்து தடிக்கிறது. ஆழமாக அமர்த்தப்படும் மென்மையான குண்டின் அடிப்பாகத்தை அந்தச் சுவரே நசுக்கிச் சிறிதாக்கிவிடுகிறது. பெட்டியின் மேல் 0.356 அங்குலம் என்று எழுதியிருந்தாலும், கூட்டிலிருந்து குண்டை உருவி அளந்தால் அது 0.354 ஆக இருக்கக்கூடும். கூட்டின் வாய்விளிம்பை அளவுக்கு மீறி இறுக்கினாலும் இதே விளைவுதான். போதாக்குறைக்கு, 9 மி.மீ. குழல்களின் உள்விட்டம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி கணிசமாக மாறுபடுகிறது. ஆகவே மெழுகிட்ட ஈயத்தை முதன்முதலாக முயல்பவர் .45-இல் தொடங்குவதே நலம், 9 மி.மீட்டரில் தொடங்கி, படிவைச் சுரண்டிச் சலித்து, ஈயத்தையே வெறுத்தவர்கள் ஏராளம்.

உலோகக் கலவை பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவில் தூய ஈயத்தின் கடினம் சுமார் 5. பழைய கார்ச் சக்கர எடைக்கட்டிகளுடையது சுமார் 12. அச்சுக்கூட லைனோடைப் உலோகத்துடையது சுமார் 22. பிஸ்டலுக்கு எடைக்கட்டி ஈயமே போதுமானது. ஆனால் கலிஃபோர்னியா 2010-இல் ஈய எடைக்கட்டிகளைத் தடை செய்த பிறகு, இலவசமாகக் கிடைத்த அந்த மூலப்பொருள் அருகி, குப்பைக்கூடையில் துத்தநாகக் கட்டிகள் பெருகிவிட்டன. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும். உருகிய ஈயத்தில் அது கலந்துவிட்டால் வார்ப்பு அச்சில் குண்டு சரியாக நிரம்பாது.

பூச்சிட்ட குண்டுதான் 9 மி.மீ. சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. ஏறத்தாழ 200 டிகிரியில் சுட்டு இறுக்கிய பூச்சு, ஈயத்துக்கும் எஃகுக்கும் இடையில் தோலாக நிற்கிறது. வாயுவின் அரிப்பையும் ஓரளவு தடுக்கிறது. மெழுகுப் புகை இல்லை, விரலில் பிசுபிசுப்பு இல்லை, குண்டை அமர்த்தும் கருவியில் மெழுகு அடைவதில்லை. கூரையுள்ள சுடுகளத்தில் மெழுகுப் புகையின் நடுவே இலக்கைத் தேடியவருக்கு இதன் அருமை விளங்கும். இருப்பினும் விட்டம் பொருந்தாத குண்டைப் பூச்சு காப்பாற்றிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சரியாகச் சூடேறாத பூச்சு உரிந்துவிடும். அசிட்டோன் தோய்த்த துணியால் தேய்க்கும்போது நிறம் எளிதாக வந்துவிட்டால் அந்தக் குண்டு இன்னும் வேகவில்லை என்று பொருள். கூட்டின் வாயைப் போதிய அளவு விரிக்காமல் குண்டை அமர்த்தினால், பூச்சு சீவப்பட்டு அதன் பயனே போய்விடுகிறது.

செம்பு முலாமிட்ட குண்டு பார்வைக்கு உறைக்குண்டு போல் இருந்தாலும், அதன் செம்புத் தோல் மிகவும் மெல்லியது. கூட்டின் வாய் இறுக்கம் மிகுந்தால் அந்தத் தோல் கிழியும், குறி சிதறும். விலையில் ஈயத்துக்கும் உறைக்குண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தரத்திலும் அப்படியே நடுவில் நிற்கிறது என்பது என் கணிப்பு. உறைக்குண்டோ எந்தப் பிஸ்டலிலும் தயங்காமல் ஏறும், எந்த வேகத்தையும் தாங்கும். ஆனால் விலை மிக அதிகம், குழலுக்குத் தேய்மானமும் ஈயத்தைவிட மிகுதி. ஒரே அளவு வெடிமருந்துக்கு ஈயக் குண்டு பொதுவாகக் கூடுதல் வேகம் பெறுவதால், ஒரு வகைக் குண்டுக்கு அச்சிட்ட மருந்து அளவை மற்றொன்றுக்கு எடுத்தாளக் கூடாது. அந்தந்த வகைக்கென வெளியிடப்பட்ட அட்டவணையையே பின்பற்ற வேண்டும்.

சில பிஸ்டல்களில் இந்த ஒப்பீடே தேவையில்லை. உட்புறம் பலகோண வடிவிலான தனது குழலில் வெற்று ஈயக் குண்டைச் சுட வேண்டாம் என்று க்ளாக் நிறுவனம் எச்சரிக்கிறது. மரபான புரிகள் (சுழல் பள்ளங்கள்) கொண்ட மாற்றுக்குழல் வாங்கிப் பொருத்துபவர்கள் பெரும்பாலும் இதற்காகவே வாங்குகிறார்கள். டெசர்ட் ஈகிளும் ஹெக்லர் அண்ட் காக் பி7-உம் குழலிலுள்ள சிறு துளை வழியாக வாயுவை எடுத்துப் பயன்படுத்துவதால், ஈயத்துகளும் மெழுகும் அத்துளையை அடைத்துவிடும். இவற்றுக்கு உறைக்குண்டே உரியது.

குண்டின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். தோள் விளிம்புக் குண்டு காகிதத்தில் சுத்தமான வட்டத்துளை இடும். ஆனால் அதற்கென்று சீர்செய்யப்படாத பிஸ்டலில் அந்தத் தோள் அறையின் விளிம்பில் முட்டி நிற்கும். உருண்டை முகம் அழகாக நுழையும், துளை மட்டும் கந்தலாக இருக்கும். புள்ளிக்காகச் சுடாதவருக்கு உருண்டை முகமே போதும்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, ஈயக் குண்டை மட்டும் குற்றவாளியாக்குவது சரியன்று. வெடிமருந்தைப் பற்றவைக்கும் வழக்கமான ப்ரைமரிலேயே ஈய ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் உண்டு. சாதாரண உறைக்குண்டின் அடிப்பகுதியிலும் ஈயம் திறந்தே கிடக்கிறது. பூச்சிட்ட குண்டில் ஈயம் எல்லாப் பக்கமும் மூடப்பட்டிருப்பது ஓர் அனுகூலம். வீட்டில் வார்ப்பவருக்கு ஆபத்து உருகிய ஈயத்தின் ஆவியைவிட, மேலே படியும் கசட்டின் தூசியிலும் கழுவாத கையிலுமே மிகுதி. காற்றோட்டமும் சோப்பும் தவிர்க்க முடியாதவை, குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. ஈரமான கட்டி ஒன்றை உருகிய ஈயத்தில் போட்டால் நீர் நொடியில் ஆவியாகி, உலோகத்தை முகத்தில் வாரி இறைத்துவிடும்.

என் வரிசை இதுதான்: .45 காலிபருக்கு மெழுகோ பூச்சோ எதுவாயினும் சரி, 9 மி.மீட்டருக்குப் பூச்சிட்ட வார்ப்பு ஈயம், வாயுத்துளை உள்ள பிஸ்டலுக்கு உறைக்குண்டு, முலாமிட்டது கடைசி. ஈயப்படிவு சேர்ந்துவிட்டால், அதை அகற்ற இரண்டு மூன்று உறைக்குண்டுகளைச் சுட்டுத் தள்ளும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. ஆனால் படிவால் சுருங்கிய குழலில் கடினமான குண்டைச் செலுத்துவது அழுத்தத்தை ஏற்றிவிடும். தூரிகையில் செம்புக் கம்பிச்சுருளைச் சுற்றிப் பத்துப் பதினைந்து முறை இழுத்தால் அதே வேலை அபாயமின்றி முடிந்துவிடும்.